பொம்மைகளை வைத்து ஸ்டில் லைஃப் பழகலாமா? நான் வரைந்தால் ஏன் கார்ட்டூன் போல வருகிறது?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது: அக்கரைப்பற்றில் இருக்கிறீர்கள், வகுப்பு எதற்கும் போவதில்லை. தங்கச்சி விளையாடி விட்ட பொம்மைகள் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. அதை வைத்து ஸ்டில் லைஃப், அதாவது பொருட்கூட்டம், பழகலாமா, பழகினால் ஏன் எல்லாம் கார்ட்டூனாகவே முடிகிறது? நான் மட்டக்களப்பில், கல்லடிப் பக்கம், பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக் கொடுக்கிறவன். இந்தக் கேள்வி எங்கள் வகுப்பிலும் வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழகலாம். தாராளமாகப் பழகலாம். பள்ளிக்கூடத்தில் பொருட்கூட்டம் என்றால் ஒரு பானை, இரண்டு பழம், ஒரு கத்தரிக்காய், பின்னால் ஒரு துணி என்று வைத்துப் பழக்கிவிடுகிறார்கள். அதனால் பொம்மை வைத்தால் அது ஸ்டில் லைஃப் இல்லையோ என்று பலருக்குச் சந்தேகம் வருகிறது. உயிரில்லாத, அசையாத எதை வைத்து வரைந்தாலும் ஸ்டில் லைஃப்தான். பிரெஞ்சு ஓவியர் செசான் 1895 வாக்கில் வரைந்த ஒரு படத்தில் நடு நாயகமாக நிற்பது கைகள் இல்லாத ஒரு சாந்துக் குழந்தைச் சிலை. சுற்றிவர ஆப்பிளும் வெங்காயமும். லண்டன் கோர்ட்டோல்ட் காலரியில் இருக்கிறது, இணையத்தில் பெரிதாகப் பார்க்கலாம். அந்தச் சிலையை அவர் தன் பட்டறையிலேயே வைத்துக்கொண்டு பென்சிலிலும் பல தடவை வரைந்திருக்கிறார். இத்தாலிக்காரர் மொராண்டியை எல்லோரும் போத்தல்களுக்காகத்தான் நினைப்பார்கள், ஆனால் அவரும் 1918 வாக்கில் துணிக்கடைப் பொம்மைத் தலையை வைத்து ஸ்டில் லைஃப் செய்தவர்தான். ஆகவே யாராவது "இது சின்னப் பிள்ளை வேலை" என்றால் கணக்கில் எடுக்காதீர்கள்.

சரி, கார்ட்டூன் பிரச்சினைக்கு வருவோம். ஒரு பானையை வரையும்போது நீங்கள் பானையைப் பார்த்து வரைகிறீர்கள். பொம்மை வந்தவுடன் முகத்தைக் கண்டதும் கண் அங்கேயே போய் ஒட்டிக்கொள்கிறது. கண், மூக்கு, வாய் எப்படி இருக்கும் என்பது நமக்கு முன்னரே "தெரியும்". தெரிந்ததைக் கை எழுதிவிடுகிறது. முதலில் ஒரு வட்டம், அதற்குள் இரண்டு கண், சிரிக்கிற வாய், பிறகு உடம்பை அதற்குக் கீழே தொங்கவிடுவது. அப்படித் தொடங்கிய எந்தப் படமும் கார்ட்டூனாகத்தான் முடியும். பொம்மை செய்தவனே முகத்தைக் கார்ட்டூனாகத்தான் செய்திருக்கிறான் என்பது அடுத்த சிக்கல். இரண்டு கோட்டில் முடிகிற மூக்கை நீங்கள் ஒரு கோட்டில் முடித்துவிடுகிறீர்கள்.

முகத்தை மூளை துண்டு துண்டாக வாசிப்பதில்லை, மொத்தமாகத்தான் வாசிக்கிறது. இதைக் காட்டுவதற்கு 1980இல் பீட்டர் தொம்சன் என்ற பிரித்தானிய உளவியலாளர் ஒரு வேலை செய்தார். அப்போதைய பிரித்தானியப் பிரதமர் மார்கரட் தட்சரின் படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டினார். முழுப் படத்தையும் தலைகீழாகப் பிடித்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. நிமிர்த்திப் பிடித்தால் பேய் மாதிரி இருக்கும். நமக்கு இதில் பிரயோசனம் என்னவென்றால், தலைகீழாக இருக்கும் முகத்தை மூளை அவ்வளவு சுலபமாக "முகம்" என்று எடுத்துக்கொள்ளாது. அப்போதுதான் கண்ணுக்கு அது மேடும் பள்ளமும் நிழலுமாகத் தெரியத் தொடங்கும்.

ஆகவே பொம்மையை உங்களைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி நிமிர்த்தி இருத்தாதீர்கள். மேசை விளிம்பிலிருந்து தலை கீழே தொங்கும்படி மல்லாக்கப் படுக்க வையுங்கள். அல்லது முதுகு காட்டி இருத்துங்கள். முதல் சில படங்களுக்கு நான் முதுகைத்தான் சொல்வேன். பின்தலை, கழுத்து, சட்டையின் பின்பக்கப் பட்டன், இரண்டு குதிக்கால். வரைய அதில் ஏராளம் இருக்கிறது, ஏமாற்ற முகம் இல்லை. உருவம் வரைவதில் தயக்கமுள்ள வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளும் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது ஒத்துவரும். முகமே தைக்காத துணிப் பொம்மையும் நல்லது.

எந்தப் பொம்மை என்று கேட்டால், பெட்டியைக் கிளறி இருப்பதிலேயே பழசை எடுங்கள். கடையிலிருந்து இப்போதுதான் வந்த மினுமினுப்பான நாகரிகப் பொம்மை தொடக்கக்காரருக்கு ஆகாது. எல்லாம் ஒரே வழவழப்பு, பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. மாமாங்கத் திருவிழாக் கடையில் வாங்கி, பிள்ளை இழுத்துத் திரிந்து, தலைமயிர் சடைபிடித்த பொம்மை என்றால் பொக்கிஷம்.

அதைக் கையிலெடுத்துக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். வரைய முன்பு பார்க்கிற வேலை இது, பாதிப் படம் இங்கேயே முடிகிறது. காதுக்குப் பின்னாலிருந்து தோள்வரை அச்சின் பொருத்துக்கோடு மெல்லிய வரம்பாக ஓடும். தலைமயிரை விலக்கினால் மண்டையில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு கற்றை. நெற்றி ஓரத்தில் முதல் வரிசை மட்டும் நெருக்கமாகவும் உள்ளே போகப் போக ஐதாகவும் இருக்கும். படுத்தால் கண்மூடுகிற பொம்மை என்றால் கண்ணுக்குப் பின்னால் உள்ளே ஒரு சின்னப் பாரம் இருக்கிறது. சரித்தால் அது கண்ணைச் சுழற்றிவிடும். பழைய பொம்மைகளில் அது இறுகி, ஒரு கண் முழுதாகவும் மற்றது பாதியாகவும் மூடியிருக்கும். அந்தப் பாதிக் கண்ணை அப்படியே வரையுங்கள், "திருத்தி" இரண்டையும் சமமாக்கப் போகாதீர்கள். கன்னத்தில் தங்கச்சி குமிழ்முனைப் பேனையால் கிறுக்கியிருப்பாள். பொம்மை பிளாஸ்டிக்குக்குள் அந்த மை ஊறி ஓரம் கலங்கிப் போயிருக்கும். விரல் இடுக்கில் ஊத்தை. இத்தனையும் உங்களுக்கு அடையாளப் புள்ளிகள். வழவழப்பான கன்னத்தில் வளைவு எங்கே திரும்புகிறது என்று தெரியாமல் தவிக்கும்போது, அந்தப் பேனைக் கோடு வளைந்து போகிற விதமே சொல்லிவிடும்.

பொம்மை செய்த பொருளுக்கேற்ப வேலை மாறும். ரப்பர் மாதிரி அமுங்குகிற பிளாஸ்டிக்குக்குள் வெளிச்சம் கொஞ்சம் நுழையும். அதனால் காது மடலும் விரல் நுனியும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் செம்மஞ்சளாகத் தெரியும், நிழலின் ஓரமும் கறாராக இருக்காது. சாந்துப் பொம்மை, பீங்கான் பொம்மை என்றால் வெள்ளைப் புள்ளி கூர்மையாக விழும். துணிப் பொம்மைக்கு வெள்ளைப் புள்ளியே கிடையாது, தையல் இழுத்த இடத்தில் சுருக்கம்தான் உண்டு. கடைசல் பிடித்த மரப் பொம்மை தொடக்கக்காரருக்கு மிக நல்லது. அது முழுக்க முழுக்க உருளையும் உருண்டையும். கழுத்துக் கோடு, இடுப்புக் கோடு எல்லாம் உங்கள் கண்மட்டத்துக்குக் கீழே போகப் போக அகலித்த நீள்வட்டங்களாக விரியும். அந்த ஒரு விஷயம் கைவந்தால் பானையும் வரும், செம்பும் வரும். வயல் பக்கம் போக முடிந்தால் ஒரு வெருளியையும் வரைந்து பாருங்கள். பழைய சேர்ட்டும் வைக்கோலும் தடியும்தான், ஆனால் துணி எப்படித் தொங்குகிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. காற்றடித்தால் மட்டும் ஸ்டில் லைஃப் இல்லை.

இனி வெளிச்சம். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் புத்தகங்களிலும் யூடியூப்பிலும் சொல்வது நமக்கு அப்படியே பொருந்தாது. "வடக்கு யன்னல் பக்கம் வையுங்கள், நாள் முழுக்க ஒரே வெளிச்சம்" என்பார்கள். அது ஐரோப்பாவுக்குச் சரி. அங்கே நண்பகலில் சூரியன் எப்போதும் தெற்கில்தான் நிற்கும். நாம் இருப்பது வடக்கு அகலாங்கு ஏழரைப் பாகைக்குப் பக்கத்தில். சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்பின்னாகச் சூரியன் நம் உச்சிக்கு வரும், பிறகு செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகலில் வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு யன்னலுக்குள் நேர் வெயில் விழும், தெற்கு யன்னலில்தான் அமைதியான வெளிச்சம். செப்டெம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை ஐரோப்பியன் சொன்னது நமக்கும் சரி. மாரி காலத்தில், மழை இருட்டு கட்டியிருக்கும்போது, எந்த யன்னலானாலும் ஒன்றுதான். அந்த மங்கல் வெளிச்சத்தில் நிழல் மெதுவாக மாறும், ஒளி நிழல் பழக நல்லது. ஆனால் கடதாசி ஈரம் இழுத்துத் தொய்ந்துவிடும். சித்திரக் கொப்பியைப் பொலித்தீன் பைக்குள் போட்டு வையுங்கள்.

கிழக்கு யன்னல் இருக்கிறது, காலை வெயில் அழகாக விழுகிறது என்று அதில் ஆசைப்படுவீர்கள். அழகுதான், ஆனால் ஓடும். நம் பக்கத்தில் சூரியன் ஏறக்குறைய நேர்குத்தாக ஏறுகிறது. உதித்து ஒரு மணித்தியாலத்தில் பொம்மையின் நிழல் அதன் உயரத்தைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் நீண்டு கிடக்கும். மூன்று மணித்தியாலம் ஆகும்போது பொம்மையின் உயரமளவுக்குச் சுருங்கிவிடும். ஒரு முழப் பொம்மை என்றால் மேசையைத் தாண்டிக் கிடந்த நிழல், நீங்கள் தலையை வரைந்து முடித்து நிமிரும்போது மேசைக்குள் வந்துவிடும். அதனால் வெயிலில் வரைவதென்றால் முதல் பத்து நிமிடத்துக்குள் நிழலின் ஓரத்தை மட்டும் கோடு போட்டுப் பிடித்து வையுங்கள், பிறகு அதை மாற்றாதீர்கள். நிழல் நகர நகர நீங்களும் திருத்திக்கொண்டே போனால் படத்தில் இரண்டு சூரியன் வந்துவிடும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் இரவில் வரையுங்கள். ஒரு காட்போட் பெட்டியைப் படுக்க வைத்து, முன்பக்கத்தையும் ஒரு பக்கச் சுவரையும் வெட்டிவிடுங்கள். பொம்மையை உள்ளே இருத்தி, வெட்டிய பக்கத்தால், கொஞ்சம் மேலிருந்து, ஒரே ஒரு மேசை லாம்பு. அறையின் டியூப் லைட்டைக் கட்டாயம் அணையுங்கள். அணைக்காவிட்டால் ஒவ்வொரு கைக்கும் இரண்டு நிழல் விழும், எது கறுப்பு எது சாம்பல் என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே சாம்பலாகத் தேய்த்து வைப்பீர்கள்.

அளவு எடுப்பது எல்லோரும் சொல்வதுதான்: கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியைத் தலை உச்சியிலும் கட்டை விரலை நாடியிலும் பிடித்து, அந்த ஒரு தலை உடம்பில் எத்தனை தடவை இறங்குகிறது என்று எண்ணுவது. முழங்கை மடங்கக் கூடாது. பொம்மையில் இது இன்னும் முக்கியம். வளர்ந்த மனிதன் ஏறக்குறைய ஏழு, ஏழரைத் தலை உயரம் என்று படித்து வைத்திருப்பீர்கள். பிறந்த குழந்தை நாலு தலைதான். குழந்தைப் பொம்மையில் தலையை இன்னும் பெரிதாக்கி வைப்பார்கள். 1959இல் வந்த பார்பி வகைப் பொம்மைகளில் கதை வேறு: 29 சென்ரிமீற்றர் உயரத்தில் கால் மட்டும் நீண்டு போகும், பாதம் குதிச் சப்பாத்துக்கென்றே வளைந்திருக்கும். படித்த கணக்கை மறந்துவிட்டு முன்னால் இருப்பதை அளவுங்கள்.

கண் வைக்கும் இடமும் அப்படித்தான். பெரியவர் முகத்தில் கண் தலையின் சரிபாதி உயரத்தில் இருக்கும். குழந்தைக்கும் குழந்தைப் பொம்மைக்கும் அது பாதிக்குக் கீழே, மேலே முழுக்க நெற்றி. பெரிய நெற்றி, தாழ்ந்த கண், உப்பிய கன்னம், இவற்றைப் பார்த்தால் நமக்கு அள்ளி எடுக்கத் தோன்றும் என்று விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1943இலேயே எழுதினார். பொம்மைக் கம்பனிகளுக்கு அது நன்றாகத் தெரியும். நீங்கள் கண்ணைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டால் போதும், குழந்தை போய், குள்ளமான ஒரு பெரியம்மா வந்து உட்கார்ந்திருப்பார். "ஏதோ பிழை, ஆனால் எங்கே என்று தெரியவில்லை" என்று காட்டுகிற பொம்மைப் படங்களில் பெரும்பாலும் பிழை இங்கேதான்.

வரையும் வரிசையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: முகம் கடைசி. முதலில் பொம்மைக்கு வெளியே உள்ள இடத்தைப் பாருங்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு முக்கோணம், இரண்டு காலுக்கு நடுவே ஒரு நீண்ட ஆப்பு. அந்த இடைவெளிகளை வரைந்தால் கையும் காலும் தானாகச் சரியான இடத்தில் நிற்கும். பிறகு மேசையில் விழுந்த நிழல். பிறகு சட்டை. மறுகா தலைமயிரை ஒரு மொத்தமாக, ஒரு தொப்பி வைத்த மாதிரி, இருட்டுப் பக்கம் வெளிச்சப் பக்கம் என்று இரண்டாகப் பிரித்து நிரப்புங்கள். இழை இழையாக இழுக்காதீர்கள். கடைசியில் ஓரத்தில் பிரிந்து நிற்கிற நாலைந்து மயிரை மட்டும் இழுத்தால் பார்ப்பவர் கண் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். இவ்வளவும் முடிந்த பிறகு முகத்துக்குப் போகும்போது அங்கே பெரிதாக வேலை மிச்சமிருக்காது. கண்குழியின் நிழல், மூக்குக்குக் கீழே ஒரு சின்ன இருட்டு, வாயின் இரண்டு முனை. அதற்கு மேல் போகாதீர்கள்.

கூட என்ன வைப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். பொம்மையைத் தனியாக வைத்து வரைந்தால் அது எவ்வளவு பெரிது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஆளை வரைந்தீர்களா பொம்மையை வரைந்தீர்களா என்று கேட்பார்கள். பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை, ஒரு பாக்குவெட்டி, ஒரு தீப்பெட்டி என்று வீட்டுச் சாமான் ஒன்று வந்தவுடன் அளவு விளங்கிவிடும். பொம்மைகள் கூடித் தேநீர் குடிக்கிற மாதிரி நாடகம் போடாதீர்கள். பிறந்தநாள் வாழ்த்து அட்டைக்கு அது சரி. செசான் படத்தில் அந்தச் சிலைக்கும் வெங்காயத்துக்கும் ஒரே மரியாதைதான். தூரத்து மூலையில் கிடக்கிற ஆப்பிள்கூடக் கிட்டே இருக்கிற ஆப்பிள் அளவுக்கு இருக்கும், தரை சரிந்து ஏறும். பார்த்து ரசியுங்கள், இப்போதைக்குப் பின்பற்ற வேண்டாம்.

பின்னணித் துணிக்கு நீங்கள் இருக்கிற இடத்தில் ஒரு குறையும் இல்லை. மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்று, கட்டம் போட்டதாக, எடுத்து மேசையில் அரைகுறையாகக் குவித்துவிட்டு அதன்மேல் பொம்மையைச் சாய்த்து வையுங்கள். ஒற்றை நிறத் துணியில் மடிப்பு வரைய நிழல் மட்டும்தான் துணை. கட்டத் துணியில் கோடே வழி சொல்லும்: மேட்டில் ஏறும்போது விரிந்து வளையும், பள்ளத்தில் மறைந்து அடுத்த பக்கம் வேறு திசையில் வெளிவரும். எல்லாக் கட்டத்தையும் வரைய வேண்டியதில்லை. ஒரு கோட்டைத் தெரிந்தெடுத்து, அது மடிப்புகளுக்குள் புகுந்து புகுந்து மறுகரை போகும்வரை விடாமல் பின்தொடருங்கள். பிறகு அதற்குக் குறுக்கே ஒன்று. கீழே பன்பாய் விரித்திருந்தால் அதன் வண்ணக் கோடுகள் தூரம் போகப் போக ஒடுங்குவதும் கிடைக்கும்.

சாமான் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 2பீ, 4பீ, 6பீ பென்சில், ஒரு நல்ல அழிறப்பர், சாதாரணச் சித்திரக் கொப்பி போதும். நிறத்துக்குப் போகும்போது ஒன்று மட்டும்: பொம்மைத் தோலின் நிழலுக்குக் கறுப்பைக் கலக்காதீர்கள், அழுக்குப் பிடித்த மாதிரி ஆகும். தோல் நிறத்திலேயே கொஞ்சம் சிவப்பையும் மண்மஞ்சளையும் கூட்டி, துளி பச்சை சேருங்கள்.

ஒரு படம் முடித்தால் இங்கேயே கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். போடும்போது நீங்கள் இருந்து வரைந்த இடத்திலிருந்து பொம்மையையும் ஒரு போட்டோ எடுத்துச் சேர்த்துப் போடுங்கள், அப்போதுதான் எங்கே விலகியது என்று காட்ட முடியும். போனைப் பொம்மைக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். கிட்டப் போனால் முன்னால் இருக்கிற காலைப் பூசணிக்காய் ஆக்கிவிடும். வரைந்த கதிரையிலேயே இருந்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் சரி.